விசில் சாரின் முழங்கால்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். அவர் ஊதினால் மைதானமே ஓடும்; அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு என்றைக்கோ ஒருநாள் பந்தை உதைத்துக் காட்டப்போய், முழங்கால் சில்லு பக்கவாட்டில் நழுவிவிட்டது. அன்று கத்திய கத்தலுக்கு விசிலே தேவைப்படவில்லை.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். தொடைத் தசை பலமானா சில்லு அதுபாட்டுக்கு இடத்துல நிக்கும். தினமும் பயிற்சி செய்யணும். திரும்பத் திரும்ப நழுவினா கத்திதான்," என்றார் பிசியோதெரபி அம்மா. ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

மாலையில் கூடத்தில் விரிப்பைப் போட்டேன். அவர் முழங்கால் பட்டையோடு சோபாவில் சாய்ந்துகொண்டார். கழுத்தில் விசில்.

"முதல்ல நீ செஞ்சு காட்டு."

"கால் யாரோடதுங்க?"

"தப்பா செஞ்சா தசை பிடிச்சுக்கும். சரியா இருக்கான்னு நான் பார்க்கணும்ல?"

மல்லாந்து படுத்துக் காலை நீட்டித் தூக்கினேன். விசில் அலறியது. "முட்டி மடங்குது! இன்னும் ஒரு தடவை!"

சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்காரும் பயிற்சியும் என் தலையில்தான் விழுந்தது. இதோ செய்வார், அதோ செய்வார் என்று மாதக்கணக்கில் மாங்கு மாங்கென்று செய்து காட்டினேன். கடைசியில், "போதும், எனக்கே அசதியா இருக்கு," என்பார். போனில் கேட்டவர்களிடமெல்லாம் பயிற்சி தீவிரமாக நடப்பதாகப் பெருமை வேறு.

மறுபரிசோதனையில் அந்த அம்மா அவர் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"தசை கொஞ்சம்கூட ஏறலையே?"

"ஒருநாள்கூட விட்டதில்ல மேடம்!" என்று வீராப்பாக எழுந்து திரும்பினார். சில்லு மறுபடியும் நழுவியது.

அந்த அம்மா காலை மெல்ல நீட்டிச் சில்லை இடத்தில் சேர்த்தார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்னை வெட்டிடுவாங்களா?" எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. இந்தத் தடவை நிஜமா செய்யுங்க," என்றார் அந்த அம்மா.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. தோளில் தாங்கி, கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டே மாடியேறினேன். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

"உனக்கு எப்படி இவ்வளவு பலம் வந்துச்சு?"

வலி அடங்கட்டும் என்று சில நாள் காத்திருந்தேன். பிறகு விரிப்பைப் போட்டு அவரைப் படுக்க வைத்து, விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். நடுங்க நடுங்கக் காலைத் தூக்கினார். ஊதினேன்.

"முட்டி மடங்குது. இன்னும் ஒரு தடவை."