விளக்கெண்ணெயில் விழுந்த காசு

மரியஅந்தோணிக்கு மூளைக்குக் குறைவில்லை. அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

மாதா கோயில் ஃபன் ஃபேரில் ஆண்டுதோறும் அவன் கடை போட்டு நடத்துவது ஒரே ஆட்டம். கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அடியில் ஒரு சின்னக் கிளாஸ். ஆளுக்கு மூன்று தடவை; மேலிருந்து விடும் பத்துக் காசு நாணயம் கிளாசுக்குள் விழுந்தால் பரிசு. தண்ணீரில் காசு அப்படியும் இப்படியும் ஆடி எங்கேயாவது ஒதுங்கிவிடும். அப்படியிருந்தும் போன வருஷம் சில பயல்கள் கையைப் பழக்கிக்கொண்டு வந்து பிஸ்கட் டின்களை அள்ளிப் போனார்கள். அது அவனுக்கு ஆறவேயில்லை.

தண்ணீரிலேயே இந்தத் தடுமாற்றம் என்றால், கெட்டியான எண்ணெயில் காசு என்ன பாடுபடும்! சிராங்கூன் ரோட்டில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் முகைதீனிடம் விளக்கெண்ணெய் இரவல் வாங்கித் தொட்டியை நிரப்பினான். ஒரு காசைப் போட்டுப் பார்த்திருக்கலாம். யோசித்தாயிற்றே, அப்புறம் என்ன பார்ப்பது?

அத்தோடு விட்டானா? "மூணு காசும் உள்ள விழுந்தா என் சைக்கிளையே குடுத்துடுறேன்லா!" என்று ஃபாதர் காதில் விழும்படி கத்தினான். குவீன்ஸ்டவுனில் எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளுக்கு ஒயரிங் வேலைக்குப் போக அவனுக்கிருந்த ஒரே வழி அந்த சைக்கிள்.

பிலோமினம்மாள் வந்தார். ஜெபமாலைக் கூட்டத்தை நடத்துபவர். ஃபாதரே அவரிடம் அடக்கமாகத்தான் பேசுவார். முதல் காசை எண்ணெய் மேல் படுக்க வைத்து விரலை எடுத்தார்.

காசு ஆடவில்லை. நன்றாகச் சாப்பிட்ட பெரிய மனிதர் மாடிப்படி இறங்குவதுபோல நிதானமாக, நேராக இறங்கிக் கிளாசுக்குள் உட்கார்ந்தது. தண்ணீரில் காசை ஆட்டிவைத்தது அதன் வேகம். அந்த வேகத்தை எண்ணெய் பிடித்து வைத்துக்கொண்டது. மரியஅந்தோணிக்கு இது புரிந்தபோது இரண்டாவது காசும் உள்ளே போயிருந்தது.

பிலோமினம்மாள் மூன்றாவது காசை விட்டார். தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோணியாரிடம், இந்த ஒரு காசை மட்டும் எங்கேயாவது தொலைத்துவிடும்படி மன்றாடினான். காசு இறங்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவு மெதுவாக ஒருவன் சைக்கிளை இழந்தது சிங்கப்பூரிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கிளாசில் 'ணங்' என்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

பிலோமினம்மாள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்தார். பின் சீட்டை அழுத்திப் பார்த்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுடா அந்தோணி."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நானே வச்சுக்கவாம்மா?"

"சைக்கிள் என்னுது. ஓட்டுறது நீ. காலையில அஞ்சரை மணிப் பூசைக்கு என்னைப் பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போ. நீயும் உள்ள வந்து முட்டி போடு. அப்புறமா வேலைக்கு எடுத்துட்டுப் போ."

விடியற்காலைப் பூசையை அவன் கண்ணால் கண்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தானம்மா?" என்று ஈனக்குரலில் கேட்டான்.

"தினமும்டா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பூசை."