அத்தா இருக்கும் தூரம்

கம்ப்யூட்டர் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பிள்ளைகள் யாரும் கெடவில்லை. மாட்டிக்கொண்டது நான்தான்.

இரண்டாயிரத்து எட்டில் என் மகள் ஹஃப்ஸா ஏழாம் வகுப்பு. மன்னார்குடி போகிற சாலையில் இருந்த அவள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் எட்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதில் இரண்டுக்கு நெட். சமூக அறிவியல் எடுக்கும் ஜெனிட்டா டீச்சர் தஞ்சாவூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த வேகத்தில், வானத்திலிருந்து பூமியைக் காட்டும் ஒரு வெப்சைட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துக் கூரை தெரிகிறதாம். பக்கத்துச் சம்பா வயல் தெரிகிறதாம். வாய்க்கால் எங்கே பிரிந்து எங்கே போகிறது என்றுகூடத் தெரிகிறதாம். ஹஃப்ஸா இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை, வாய் ஓயாமல் அதே பேச்சு.

அதோடு விட்டாரா அந்த டீச்சர்? வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் பதினேழு பேருக்கு அப்பா வெளிநாட்டில். "உங்க அப்பா இருக்கிற இடத்தைக் கண்டுபிடிங்க. நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து அங்க ஒரு கோடு போட்டு எத்தனை கிலோமீட்டர்னு அளப்போம். பெற்றோர் தினத்தன்னிக்குப் பெரிய திரையில காட்டுவோம்" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் வீட்டிலிருந்த கடித உறைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. எங்கள் வீட்டுக்குக் கடிதம் வராது, போன்தான்; ஹஃப்ஸா வெறும் ஊர்ப் பெயரோடு போனாள். வளைகுடா விலாசத்தில் தெருவா இருக்கும், கதவு எண்ணா இருக்கும்? போஸ்ட் பாக்ஸ் நம்பர், ஊர்ப் பெயர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம். எல்லா அப்பாக்களையும் அந்தந்த ஊரின் நடுவில் கொண்டுபோய் ஒரே புள்ளியாகக் குவித்துவிட்டது. அப்பாடா, இத்தோடு ஒழிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் டீச்சர் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், எதிரே என்ன கடை, பக்கத்தில் எந்தப் பள்ளிவாசல் என்று போனில் கேட்டு எழுதி வரச் சொன்னார். அதை வைத்துத் தேடுவார்களாம்.

நான் ஏன் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சலாஹுதீன், ஊர் நினைத்ததுபோல் ஷார்ஜாவில் இல்லை. திருப்பூரில் இருந்தார்.

பதினான்கு மாசத்துக்கு முன்னால் அவரை ஷார்ஜாவுக்குத்தான் அனுப்பினோம். தெருவே வந்து பிரியாணி சாப்பிட்டது. ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: செண்ட் பாட்டில், டார்ச் லைட், பூப்போட்ட கம்பளி. என் மாமனார் பக்கீர் முகம்மது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து இவர் போன் செய்தார். "ஏஜெண்ட் ஆபீஸ் ஷட்டர் பூட்டியிருக்கு மெஹராஜ். ஆளே இல்ல. பாஸ்போர்ட்டும் அவன்கிட்ட."

திரும்பி வாங்க என்றேன். "அவ்வளவு பேர் வழியனுப்பி வச்சாங்க. நாலாம் நாளே போய் நின்னா எந்த மூஞ்சியோட நிக்கிறது? ரெண்டு மாசம் பொறு. வேற விசா வாங்கிப் போயிடுறேன்" என்றார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு மாசம் ஆறானது, ஆறு பதினான்கானது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஷார்ஜாவில் இருப்பவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அது ஊருக்கே தெரியும். ஆகவே திருப்பூரில் இருப்பவரும் இரண்டு வருஷம் கழித்துத்தான் வர முடியும். அங்கே ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் வந்து இறங்கிவிடலாம், ஆனால் இறங்கக் கூடாது. மூன்று பெருநாள் அவர் இல்லாமல் போனது. அவருடைய நம்பரை "ஷார்ஜா" என்று பெயர் போட்டு என் போனில் வைத்திருந்தேன். மாமனாரும் மகளும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு அவர் வீட்டுக்கு வர வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அதை வாய்விட்டுக் கேட்க முடியாமல்தான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சரி, ஷார்ஜா ஜன்னலுக்கு எங்கே போவது? இரண்டு தெரு தள்ளி நிலோஃபர் என்று ஒரு தையல்காரி. அவள் புருஷன் அன்சார் உண்மையாகவே ஷார்ஜாவில் இருந்தார், பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகிற வயசில்லை. அவளிடம் ஒரு பாவாடைத் துணியைக் கொடுத்துவிட்டு, சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் விசாரித்தேன். கேட்க வேண்டியதே இல்லை, கொட்டினாள். உச்சியில் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி நீல டூம் வைத்த பள்ளிவாசல், கீழே பேக்கரி, எதிரே புறாவுக்குத் தீனி போடும் ரவுண்டானா, மூன்றாம் மாடி. வீட்டுக்கு வந்து அப்படியே இவருக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி ஹஃப்ஸா பேசினாள். "அத்தா, ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

அவர் அறையில் ஜன்னலைத் திறந்தால் சாயப்பட்டறைச் சுவர்தான் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறார். "நீல டூம் தெரியும்மா. அழகா இருக்கும்" என்றார். அவள் தூங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டார். "நம்பிட்டாளா?" என்று கேட்டார். நம்பிவிட்டாள் என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை.

ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். நீல டூம், ரவுண்டானா, எல்லாம் இருந்தது. ஹஃப்ஸா குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, மூவாயிரம் கிலோமீட்டர்! கோடு கடலைத் தாண்டிப் போவுது! இன்னொண்ணு தெரியுமா? ஆல்பின் அப்பாவும் அதே பில்டிங்காம்! டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு அப்பாவையும் சேர்ந்து போட்டோ எடுத்து ஈமெயில்ல அனுப்பச் சொல்லியிருக்காங்க."

ஆல்பின் பக்கத்து ஊர்ப் பையன். அவன் அப்பா சகாயநாதன் நிஜமாகவே அந்தக் கட்டடத்தில் இருந்தால்? சலாஹுதீனா, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது கதை. மாமனார் காதுக்கு அன்று சாயங்காலமே போய்விடும். பெற்றோர் தினத்துக்கு அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வேறு வைத்துவிட்டார். மகன் இருக்கும் இடத்தைத் திரையில் பார்க்க வேண்டுமாம்.

பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆல்பினின் அம்மா விண்ணரசி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரும் அதே பில்டிங்காமே" என்றாள்.

"அப்படித்தான் பிள்ளைங்க சொல்லுதுங்க."

"எங்க வீட்டுக்காரரைப் பார்த்ததா ஏதும் சொன்னாரா?"

"இல்லையே. பெரிய பில்டிங்காம்."

"ஆமாக்கா, ரொம்பப் பெரிசாம்" என்று அவசரமாகச் சொன்னாள். "அவருக்கு எப்பவும் நைட் டூட்டி. பகல்ல தூங்கிடுவாரு. யாரும் பார்க்க முடியாது."

"எங்க வீட்டுக்காரருக்குப் பகல் டூட்டி. ராத்திரி கதவைச் சாத்திட்டா திறக்கவே மாட்டாரு."

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். இந்தப் பெண் ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது. அவள் போட்டிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். ஜாக்கெட் கையில் வைத்துத் தைத்திருந்த பட்டை, கழுத்து வெட்டு, எல்லாம் எனக்குத் தெரிந்த தையல்.

"ஜாக்கெட் யார்கிட்ட தைச்சே?" என்று கேட்டேன்.

"நிலோஃபர் அக்காகிட்ட."

"எப்ப?"

"போன வாரம்தான்" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வை அப்படியே போய், நிலோஃபர் தைத்துக் கொடுத்துக் கொடியில் தொங்கிய பாவாடையில் நின்றது. கீழே பேக்கரி, எதிரே புறா ரவுண்டானா என்று விவரம் கறக்க நான் கொடுத்த கூலிதான் அந்தப் பாவாடை.

"விண்ணரசி, உன் புருஷன் எங்க இருக்காரு?"

"எர்ணாகுளத்துல. சென்ட்ரிங் வேலை" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரு?"

"திருப்பூர்."

முதலில் சிரித்தது நான்தான். அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அழுதேன். பதினான்கு மாசத்தில் ஒரு ஆளிடம்கூட அந்த ஊர்ப் பெயரை நான் சொன்னதில்லை. சொன்னதும் நெஞ்சு லேசானது. அவள் வீட்டுக்காரருக்கும் ஒரு ஏஜெண்ட், ஒரு பூட்டிய ஷட்டர். விவரம் கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்குப் பொறுமை இல்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

கம்ப்யூட்டர் அறையில் ஜெனிட்டா டீச்சர் மறுநாளுக்காகப் புரொஜக்டரை மாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெளியே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன், எனக்கு வேறு குரல் வரவில்லை. டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்குங்கம்மா. பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்கன்னுதான் செஞ்சேன். இப்படி ஒரு பக்கம் இருக்கும்னு யோசிக்கவே இல்ல" என்றார். "ஒண்ணு செய்யலாம். இந்த ரெண்டு புள்ளியையும் எடுத்துடறேன். நெட் சரியா வரலன்னு சொல்லிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எடுத்துடுங்க டீச்சர் என்றேன். ஒரு கிளிக்கில் ஷார்ஜாவிலிருந்து என் புருஷன் காணாமல் போனார். இன்னும் பத்து மாசம், பிறகு லீவு என்று சொல்லி வருவார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஹஃப்ஸா வந்தாள். திரையைப் பார்த்தாள். ஆறேழு நாள் தேடிக் கண்டுபிடித்த புள்ளி இல்லை என்றால் அவளுக்குத் தெரியாதா?

"டீச்சர், எங்க அத்தாவை ஏன் எடுத்தீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். விண்ணரசி தரையைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. சலித்துப்போயிருந்தது எனக்கு.

"அத்தா அங்க இல்லம்மா. திருப்பூர்ல இருக்காரு. ஏஜெண்ட் ஏமாத்திட்டான். வெட்கப்பட்டுக்கிட்டு நம்மகிட்ட... உங்கிட்டச் சொல்லல."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திருப்பூர் என்று அடித்தாள். பள்ளிக்கூடத்தில் அழுத்தி, அங்கே கொண்டுபோய் அழுத்தினாள். கோடு விழுந்தது. அது கடலைத் தாண்டவில்லை. தஞ்சாவூர் பக்கமாகப் போய், திருச்சிக்குக் கீழே நகர்ந்து, கரூரைக் கடந்ததும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. இருநூற்று முப்பத்தைந்து என்று காட்டியது.

"இவ்வளவுதானாம்மா?" என்றாள்.

"ஆமா."

"பஸ்ஸுலயே வந்துடலாமே. பெருநாளைக்கு ஏன் அத்தா வரல?"

அதற்கு நான் என்ன சொல்வது? தாத்தாவின் வெள்ளைச் சட்டையைச் சொல்வதா, செண்ட் பாட்டில் கேட்டவர்களைச் சொல்வதா? இந்தக் கொஞ்சத் தூரத்தை மூவாயிரமாக ஆக்கி வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை முன்னால் நின்றுகொண்டு எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"டீச்சர், இந்தக் கோடு இப்படியே இருக்கட்டும். நாளைக்கும் காட்டுங்க" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?"

"பதினாலு மாசமா யோசிச்சாச்சு."

அங்கேயே போனை எடுத்து இவரைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம். எங்கேயோ ஒதுக்குப்புறமாக நடந்து போய், "என்ன மெஹராஜ், இந்த நேரத்துல?" என்றார்.

"ஹஃப்ஸாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாந்தான் சொன்னேன். டீச்சருக்கும் தெரியும். நாளைக்குத் திருப்பூர்னு திரையிலே போடுறாங்க, மாமா முன்வரிசையிலே உட்காரப் போறாரு. காலையிலே அவர்கிட்டயும் நானே சொல்லிடுவேன். திட்டினா திட்டட்டும்."

கத்துவார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் கத்தவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமா?"

"தெரிஞ்சுடும்."

"அப்ப..." என்றார். "அப்ப நான் வீட்டுக்கு வரலாமா மெஹராஜ்?"

உங்க வீட்டுக்கு வர எங்கிட்ட என்ன கேள்வி, புத்தி இருக்கா உங்களுக்கு என்று டீச்சர் முன்னாலேயே சத்தம் போட்டேன், அழுதுகொண்டே. பிறகு போனை ஹஃப்ஸாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராத்திரி பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டாள்.