பதினாறு ரூபாய் விரல்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதைக்காக நூற்று எழுபத்தாறு ரூபாய் செலவழித்தேன். என் பணம் இல்லை. எழில்மதியின் பணம்.

சின்னசேலத்தில் ரயிலை விட்டிறங்கி கள்ளக்குறிச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகைக்குக் கதை கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி. கதாநாயகனை மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடவிடலாமா என்று போனில் எதையோ தேட, உச்சியில் ஒரு விளம்பரம்: 'சோளம் அடிக்க மிஷின் வேணுமா? இன்னிக்கு ஒரு போன். நாளைக்குக் களத்துல.' முப்பது வருடம் தொடர்கதை எழுதியும் எனக்கு வாய்க்காத வேகம்! பொறாமையில் பதினொரு தடவை திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விளம்பரம் கொடுத்தவர் கையிலிருந்து பதினாறு ரூபாய் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

(ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப அமுக்கினால் அதைச் செலவில் சேர்க்காமல் கழித்துவிடுவார்களாம். விளம்பரத்திலிருந்த நம்பரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டபோது எழில்மதி ஆறுதலாகச் சொன்னது. எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.)

2

ஆரம்ப வரிகள், எழுதி அடித்தவை:

'காலை மணி 9.30. பட்ஜெட் இறந்து கிடந்தது.' பிணமே இல்லாமல் இப்படித் தொடங்க வெட்கமாக இருந்தது.

'கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிய நேரம், எழில்மதியின் விரல்கள்' விரல்கள் என்ன செய்தன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எழில்மதிக்கு இருபத்தேழு வயது. சென்னை வேலையை விட்டு வந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியறை பிடித்து, தோழி இசைவாணியோடு தொழில் தொடங்கியிருக்கிறாள். சோளம் அடிக்கும் மிஷினை விவசாயிக்குப் போனிலேயே புக் செய்து கொடுப்பது. மிஷின்கள் மூன்றும் வெற்றிவேல் என்பவருடையவை. அவர் வைத்த கெடு: ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்து புக்கிங். இல்லாவிட்டால் மிஷின்கள் பெரம்பலூருக்குப் போகும். தொழில் அத்தோடு சரி.

விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். அறுபத்திரண்டு பேர் அமுக்கினால் தீர்ந்தது. காட்டு வேலை முடிந்து விவசாயி போனை எடுப்பது சாயங்காலம். அதுவரை பணம் தாங்க வேண்டும். நான்கு நாளாகக் காலை ஒன்பதரைக்கே காலி.

வியாழக்கிழமை நான் கதை தேடி அந்த மாடியேறியபோது, புக்கிங் மூன்று.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். பழக்கதோஷம். ஆகாஷ் என்று பெயர் வைத்தேன். சேலத்துப் போட்டி கம்பெனிக்காரன், கறுப்புக் கண்ணாடி, கூலிக்கு ஆள் பிடித்து எழில்மதியின் விளம்பரத்தை அமுக்க வைக்கிறான். ஒன்றரைப் பக்கம் எழுதி, பெருமையாகப் படித்தும் காட்டினேன்.

"ஆகாஷா இருந்தா ரெண்டு நிமிஷத்துல தடுத்துடுவேன் சார்" என்றாள் எழில்மதி.

"பின்னே யாரு?"

"இவங்கப்பா!" என்றாள் இசைவாணி. "சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல தெனமும் பேசிப் போடறாரு. கேளுங்க."

வடக்கனந்தல் தெய்வசிகாமணியின் குரல், மைக் செட் இல்லாத குறை மட்டும்தான்: "எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம எழிலு கம்பெனி இன்னிக்கும் மொதல்ல வந்துகினு இருக்குது. வேலைக்குப் போறதுக்கு முன்ன ஆளுக்கு ஒரு தபா அமுக்கி வுட்டுடுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருந்தாதான் கடைக்கு மதிப்பு. செந்தமிழ்ச்செல்வி, நீ நேத்து அமுக்கல. பாத்துகினுதான் இருக்கேன்."

கீழே வரிசையாக: 'அமுக்கியாச்சு மாமா.' 'நாங்க வூட்ல நாலு பேரும் அமுக்கிட்டோம் பெரிப்பா.'

ஆகாஷைக் கிழித்துப் போட்டேன்.

4

"உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே?"

"எட்டு மாசமா எங்கிட்ட பேசல சார். சோளம் அடிக்கவா உன்ன படிக்க வெச்சேன்னு கேட்டவரு. நாலு நாளைக்கு முன்ன யாரோ விளம்பரத்த காட்டிருக்காங்க. அன்னிலேர்ந்து இப்படி. இன்னும் பேசல. அமுக்கிகினு மட்டும் இருக்காரு."

"பாசம், ஒரு தபாக்குப் பதினாறு ரூபா" என்றாள் இசைவாணி. "வரி தனி."

"நான் வேண்டுமானால் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார். அறுபது பேரு எதிர்ல அவமானமாப் பூடும். அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாரு."

இன்னொரு வழி இருந்தது. எந்த ஊரில் விளம்பரம் தெரிய வேண்டாம் என்று குறித்துவிடலாம். வடக்கனந்தலை நீக்கினால் சொந்தங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. மற்ற ஊர்களுக்குச் சாயங்காலம்வரை பணம் தாங்கும்.

(தூக்கிப்போட்ட முடிவுகள். ஒன்று: மகள் உண்மையைச் சொல்ல, அப்பா கண்கலங்கிச் சிரிக்கிறார். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும், தெய்வசிகாமணியின் குரலைக் கேட்ட எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு: ஒரே நாளில் ஏழு புக்கிங் கொட்டுகிறது. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

5

சனிக்கிழமை காலை. ஆறு மணிக்கு விளம்பரம் ஓடத் தொடங்கும். ஐந்து ஐம்பதுக்கு எழில்மதி வடக்கனந்தலை நீக்கினாள். நகம் கடிக்க ஆரம்பித்தாள்.

ஆறரை. செலவு முப்பத்திரண்டு ரூபாய். இந்த ஆறு நாளில் இவ்வளவு கம்மியாக இருந்ததே இல்லை.

ஏழு மணிக்கு, காட்டுக்குக் கிளம்பும் முன்பே சின்னசேலத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். நாலாவது புக்கிங். இசைவாணி மேசையில் குத்தினாள். "வேல செய்யுதுடி!"

ஏழு பத்துக்கு மறுபடி போன் அடித்தது. திரையில் 'அப்பா'. எட்டு மாதத்தில் முதல் தடவை.

ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எழிலு... இன்னாம்மா, உன் கடைய காணோம்? காலையிலேர்ந்து தேடிகினு இருக்கேன். மூடிட்டியா?"

அவள் மறுபடி நகத்தைக் கடித்தாள்.

"காசு எதுனா கொறையுதா? சொல்லும்மா. அப்பா இருக்கேன்ல?"

எழில்மதி என்னைப் பார்த்தாள். எத்தனையோ கொலைகாரர்களைக் கடைசிப் பக்கத்தில் காட்டிக் கொடுத்தவன் நான். எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பா மறுபடி எட்டு மாதம் பேசாமல் போய்விடுவார். ஊரைத் திரும்பச் சேர்த்தால் நாளைக்கு மிஷின்கள் போய்விடும். கடையை மூடிவிட்டேன் என்று பொய் சொன்னால், சாயங்காலத்துக்குள் வேறு ஊர்ச் சொந்தம் யாராவது அமுக்கிவிட்டுக் குரூப்பில் போடுவார்கள்.

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

"அப்பா, ......................................"

கொஞ்சம் சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார்.