இரண்டு டிகிரி உள்ளுக்கு

இலண்டன் செவன் கிங்ஸில் கார்ச் சில்லுகளுக்கு அலைன்மென்ற் பார்க்கும் கராஜ் வைத்திருந்த விஜயரத்தினம், மாப்பிள்ளைகளிடம் சாதகம் கேட்பதில்லை. சாதகம் யாரோ எழுதிக் கொடுப்பது, டயர் அவனவன் தானே எழுதுவது என்பது அவருடைய கட்சி. பெண் கேட்டு வருகிறவனின் காரை முதலில் ராம்பில் ஏற்றுவார். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். அதன்பிறகுதான் கை கொடுப்பார்.

முதலில் வந்த கணக்காளருக்கு முன்டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தன. நடைபாதைக் கல்லில் இடித்து இடித்துக் கார் விடுகிற ஆள் என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவன் புத்திசாலி. நான்கு டயரையும் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தான். எதையோ மறைக்கிறான் என்று அவனுக்குத் தேநீரும் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவன் கீர்த்தனன். மோர்டன்காரன், முப்பது வயது. கவுன்சில் ஒன்றில் பார்க்கிங் அபராதத்தை எதிர்த்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ‘உங்கள் விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்றுக்கொள்ள முடியவில்லை’ என்று எழுதுவான். எழுத்தில் அப்படி நெஞ்சுரம் உள்ளவன், நேரில் யாரிடமும் இல்லை என்று சொல்லி அறியாதவன். அவனுடைய வீட்டில் மூன்று நிறுவனங்களின் இணைய இணைப்பு இருந்ததற்கு, மூன்று பேர் கதவைத் தட்டினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பெண் சுவர்ணா, குரோய்டனில் டிராம் ஓட்டுபவள். ஸ்டியரிங் இல்லாத வாகனம் என்பதால் அப்பாவால் அதில் குற்றம் கண்டுபிடிக்க ஏலாது என்றே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வாள். நான்கு மீற்றர் பாய்மரப் பையோடு டிராமில் ஏற வந்த கீர்த்தனனை, ஏற்ற ஏலாது என்று இறக்கிவிட்ட நாளில்தான் இருவருக்கும் பழக்கம். அவள் ஏலாது என்று சொன்ன விதம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. தன்னிடம் இல்லாத பொருளைக் கடை சன்னலில் பார்ப்பதுபோல இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவனுடைய டயர்கள் நான்கும் தேறின. ஒரே சீரான தேய்வு. விஜயரத்தினம் கை கொடுத்தார். சுவர்ணாவின் தாய் சுசிலா ரோல்ஸ் பொரிக்க, கராஜுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனார். அத்தோடு கீர்த்தனன் கிளம்பிப் போயிருந்தால் அந்த மாதமே தாலிக்குப் பொன் உருக்கியிருப்பார்கள். ஆனால் கார் ராம்பிலிருந்து இறங்கும்போதுதான், கூரையில் கட்டியிருந்த சாமான் அவருடைய கண்ணுக்கு நேரே வந்தது.

அது பாய்மரம் பூட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சேர்ஃப் பலகை. அலைமேல் ஓடுவதற்கென்றே செய்த குட்டை ரகம். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. மறுநாள் தென்மேற்குக் காற்று நன்றாக அடிக்கும் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கராஜிலிருந்து நேரே பிரைற்றன் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் விட்டுவிட்டு வரும்படி சுவர்ணா இரண்டு தரம் செய்தி அனுப்பியிருந்தாள். ஒரு வாரமாக அந்தப் பலகையோடுதான் அவனுக்குக் குடித்தனம். கால்பட்டியை ஒரு துளை இறுக்குவான், பாதத்தை நுழைத்துப் பார்ப்பான், தளர்த்துவான். பாய்மரத்தின் அடி பூட்டுகிற தடத்தில் பென்சிலால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தான்.

விஜயரத்தினம் பலகையை இறக்கச் சொல்லி, மேசையில் குப்புறப் போட்டார். அடியில் மீன்செட்டை மாதிரி மூன்று. நடுவில் பெரியது, இரு பக்கமும் சிறியது.

“இதுக்கு மூண்டு சில்லோ, தம்பி?”

“செட்டை, அங்கிள். தண்ணிக்குள்ள பிடி குடுக்கிறது.”

அவர் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். லேசர்க் கருவியை இழுத்துக்கொண்டு வந்தார். இருபது வருடம் ஜெர்மனியில் ஒரு டயர்க் கடையில் நின்று பழகிய கை. பலகையின் நடுக்கோட்டை எடுத்து, இரு பக்கச் செட்டைகளையும் அளந்து, மறுபடி அளந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆர் உமக்கு இதை வித்தது? ரெண்டு பக்கமும் ரெண்டு டிகிரி உள்ளுக்குத் திரும்பிக் கிடக்கு. காருக்கும் கொஞ்சம் உள்ளுக்கு விடுறதுதான். இவ்வளவு விட்டால் பிரைற்றன் போய்ச் சேர முன்னம் டயர்க் கம்பி தெரியும்.”

அந்தப் பலகைகளை அப்படித்தான் செய்கிறார்கள். பக்கச் செட்டைகளின் மூக்கு சற்று உள்ளே பார்த்தால்தான், அலையின் சரிவில் பலகையைச் சாய்த்ததும் அது கடித்துக்கொண்டு வளையும். கீர்த்தனனுக்கு இது தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தான். எதிரே சுவர்ணாவின் தகப்பன் நின்றார். பின்னால் எண்ணெயில் ரோல்ஸ் பொரியும் சத்தம்.

“அப்படியோ, அங்கிள்” என்றான்.

பிறகு நான்கு மணித்தியாலம் அவர் பிடி என்றபோது அவன் பிடித்தான், விடு என்றபோது விட்டான். விஜயரத்தினம் செட்டைகளைக் கழற்றி, அடிப்பாகத்தை இரு பக்கமும் அரத்தால் ராவி, இடைவெளியில் மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகி, மூன்றையும் தண்டவாளம்போல ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தினார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மயிரிழைக் கோணல் தெரியாது. வேலை முடிந்ததும், ரெஸ்ற் டிரைவ் ஓட்டிப் பார்க்காமல் தான் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை என்றும், நாளைக்குத் தானும் கடற்கரைக்கு வருவதாகவும் அறிவித்தார். சந்தோஷம் என்றான் கீர்த்தனன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, சுவர்ணாவும் சேர, மூவரும் கீர்த்தனனின் காரில் வந்து கடற்கரையில் நின்றார்கள். நெஞ்சளவு அலை, சீரான காற்று. விஜயரத்தினம் மடக்குக் கதிரையை விரித்து, கருவிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவர்ணா பலகையின் அடியைப் பார்த்தாள். அந்த இரண்டு டிகிரியைப் பற்றி, பலகை வாங்குவதற்கு முன்பிருந்தே, ஒரு மாதமாக இரவும் பகலும் அவனிடம் கேட்டு அலுத்தவள் அவள்.

“அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?” என்றாள், மெதுவாக.

சொல்லலாம் என்றுதான் இருந்ததாகவும், சந்தர்ப்பம் அமையவில்லை என்றும் அவன் சொன்னான். நான்கு மணித்தியாலத்திலா என்று அவள் கேட்டதற்கு, காற்று ஏறுகிறது என்று சொல்லி ரப்பர் உடுப்பின் சிப்பை இழுத்துக்கொண்டு கடலில் இறங்கினான்.

பலகை பறந்தது. அதை மறைப்பதற்கில்லை. கரையிலிருந்து வெளியே போகும்போது இவ்வளவு வேகம் அவன் எந்தப் பலகையிலும் கண்டதில்லை. திரும்பி, ஒரு நல்ல அலையாகப் பார்த்து ஏறினான். சரிவில் இறங்கி, முழங்காலை மடித்து, பலகையைச் சாய்த்து, வளைத்தான். பலகை வளையவில்லை. கவுன்சில் கடிதம்போல ஒரே போக்கில் வந்து, கூழாங்கல்லில் ஏறி, அவனை விஜயரத்தினத்தின் கதிரைக்கு ஆறடி முன்னால் கொட்டியது.

அவர் கைதட்டினார். அவன் எழுந்து மறுபடி போனான். மறுபடி அதே இடத்தில், ஒரு அடி முன்பின்னாக, வந்து விழுந்தான். மூன்றாவது தரம் வாயில் ஒரு சின்னக் கல்லும் இருந்தது.

மற்ற விண்ட்சேர்ஃப்காரர்கள் அலையின் முகத்தில் மேலும் கீழுமாக, பாம்பு போவதுபோல வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். விஜயரத்தினம் அவர்களை வெகுநேரம் பார்த்தார்.

“பாவம்” என்றார். “ஒருத்தன்ரையும் நேரா ஓடுதில்லை.”

பிறகு எழுந்து வந்து, நனைந்த கீர்த்தனனின் தோளில் கை வைத்தார். பொடியனில் தனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்றும், வீட்டுக்குப் போனதும் அவனுடைய தாய் கமலாம்பிகையைத் தன்னோடு பேசச் சொல்லும்படியும் சொன்னார். அப்படியே, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஒரு உதவி செய்துவிட்டு வருகிறேன் என்று திருகாணி கழற்றும் அலன் கீயை எடுத்துக்கொண்டு, கரையில் படுத்திருந்த பலகைகளை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

கீர்த்தனன் சுவர்ணாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா ஓம் எண்டிட்டார். நான் இன்னும் சொல்லேல்லை” என்றாள். “மூண்டு செட்டைக்கே வாய் திறக்காத ஆள், நாளைக்கு எனக்காக எங்க திறக்கப் போறியள்? அவர் அந்த ஆக்களின்ர பலகையில கை வைக்க முன்னம் போய்ச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் நான் ரெயினில வீட்டை போறன். அப்பாவோட நீங்கள் தனியப் போகலாம்.”

இலண்டன் வரை விஜயரத்தினத்தோடு தனியாகப் போவது என்பது அவனை உசுப்பியது. கூழாங்கல்லில் தடுக்கித் தடுக்கி ஓடினான். அதற்குள் அவர் ஒரு தாடிக்காரருடைய பலகையின் அடியில் குனிந்திருந்தார். தாடிக்காரர் ஆங்கிலேயருக்கே உரிய முறையில், ஒன்றும் புரியாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், அது பிழை” என்றான் கீர்த்தனன்.

“ஓம், பாத்தனான். இவருக்கும் உள்ளுக்குத்தான் கிடக்கு.”

“அதில்லை. நீங்கள் செய்ததுதான் பிழை. அது உள்ளுக்குத் திரும்பித்தான் இருக்கவேணும். வளையிறதுக்குத்தான் இந்தப் பலகை. நேரா ஓடுறதுக்கில்லை.”

விஜயரத்தினம் நிமிர்ந்தார். தாடிக்காரரின் பலகையைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார், அதற்கும் அடுத்ததைப் பார்த்தார். எல்லாம் இரண்டு டிகிரி உள்ளுக்கு. கடலில் வளைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் வர வெகுநேரம் எடுத்தது. வந்தபோது, எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

“நான் பிழை விட்டது பரவாயில்லை. எனக்குக் கடல் தெரியாது. தெரிஞ்ச நீர் நாலு மணித்தியாலம் பக்கத்தில நிண்டு பிடிச்சனீர். பிழையான வேலையைப் பாத்துக்கொண்டு ரோல்ஸ் திண்ட ஆளுக்கு நான் என்ன நம்பிப் பிள்ளையைக் குடுக்கிறது?”

தாயைப் பேசச் சொன்னதை மறந்துவிடும்படி சொன்னார். கீர்த்தனனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக உண்மை பேசியதற்கு உடனடிப் பலன் கிடைத்தது. ஆனாலும் விஜயரத்தினம் தொழில்காரர். பிழையான வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் ஏலவில்லை. கதிரையடியில் முழந்தாளிட்டு, பித்தளைத் தகடுகளைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினார். கண்ணளவிலேயே பழைய இரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்தார்.

கீர்த்தனன் மறுபடி இறங்கினான். அலையில் ஏறினான், சாய்த்தான். பலகை கத்திபோலக் கடித்துக்கொண்டு வளைந்து, அலையின் உச்சிக்குப் போய், உச்சியில் திரும்பி மறுபடி இறங்கியது. இரண்டு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தான். யாராவது பார்த்தார்களா என்று கரையை நோக்கினான். தகப்பனும் மகளும் எதிரெதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்பது அவனுக்குத் தெரிந்தது. யாருடைய பக்கம் வெல்கிறது என்பது தெரியவில்லை. இன்னும் ஐந்தாறு அலை ஓடினான். கரைக்குப் போவதைவிட அது இலகுவாக இருந்தது.

கை ஓய்ந்து வந்தபோது இருவரும் சண்டையை நிறுத்திவிட்டுத் தண்ணீரின் விளிம்பில் நின்றார்கள். விஜயரத்தினத்தின் சப்பாத்து நனைந்திருந்தது.

“நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்” என்றார், அவனைப் பாராமல். “திரும்பேக்க முன்பக்கம் பாரமாக் கிடக்கு. அந்தப் பாய்மரத்தின்ர அடியை ஒரு விரலளவு பின்னுக்குத் தள்ளினால் வடிவாத் திரும்பும். தள்ளட்டோ?”

மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அரை மணி நேரமாகக் கீர்த்தனனுடைய முன்காலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஓம் என்று சொல்லவே வாயைத் திறந்தான். சுவர்ணா அவனைப் பார்த்தபடி நின்றாள். தகப்பனும் இப்போது அவனைப் பார்த்தார், இரண்டாவது மாப்பிள்ளையின் புது டயரைப் பார்த்த அதே பார்வை.

“வேண்டாம், அங்கிள்” என்றான். “இருக்கிற இடம்தான் சரி.”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. விஜயரத்தினம் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இப்ப கதைக்கிறான். சரி தம்பி, கொம்மாவை எனக்குப் போன் எடுக்கச் சொல்லும்.”

சுவர்ணா ஓம் என்று வாயால் சொல்லவில்லை. கார்ச் சாவியை அவனிடம் இருந்து வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு நல்ல காற்று இருப்பதால் போய் ஓடிவிட்டு வரும்படி சொன்னாள். தகப்பன் கதிரையைத் தண்ணீருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கீர்த்தனன் பென்சில் கோட்டைப் பார்த்தான். ஒரு விரலளவு பின்னால், அடுத்த கோடு. தொடவில்லை. மாலை நான்கு மணிவரை, முன்பாரமான அந்தப் பலகையோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்குக் குத்தி விழுந்தான். விழுந்த ஒவ்வொரு முறையும் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கரைக்குக் கை காட்டினான்.