லைன் கட் ஆகவில்லை

ஜீவரத்தினத்தை நியூ ஜெர்சித் தமிழர்கள் 'ரேடியோ அங்கிள்' என்று அழைத்தார்கள். வாரநாட்களில் அவருக்குப் பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. சனிக்கிழமை காலை மட்டும் வெஸ்ட் வின்ட்சர் வீட்டிலிருந்து கிளம்பி, ஒரு சிறிய ஏ.எம். வானொலி நிலையத்துக்குப் போவார். அங்கே சேனாபதி என்பவர் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் நிகழ்ச்சி நடத்திவந்தார். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஜீவரத்தினம் அரசியல் பேசுவார். அதன்பின் நேயர்கள் போன் செய்வார்கள்.

அவருடைய அரசியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாளையங்கோட்டையில் அவர் கல்லூரியில் படித்த காலத்தில் ஸ்டிரைக், மறியல் என்று பாதி வருடம் கேட் பூட்டியே கிடந்தது. ஒரு கல்லெறியில் அவருடைய பேராசிரியருக்கு ஒரு கண் போயிற்று. அன்றிலிருந்து யார் கொடி பிடித்து வீதியில் இறங்கினாலும் அவருக்கு உடம்பு எரியும். துப்பாக்கிச் சட்டம் பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினால், கட்டுப்படாதவன் கையில் மட்டும்தான் அது மிஞ்சும் என்பார். இரண்டாயிரமாவது ஆண்டு தேர்தல் ஆண்டு என்பதால் தலைமை பற்றியும் நிறையப் பேசினார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு வருத்தப்படுகிறவர் நாட்டுக்குத் தலைவராக இருக்கக் கூடாது என்று வாராவாரம் சொன்னார்.

இதெல்லாம் ஒரு மனிதன் யோசித்து வைத்திருக்கக்கூடிய கருத்துகள்தான். ஆனால் கேட்பவர்களுக்கு அவருடைய வாதத்தைவிடக் கேலி பிடித்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அந்த மே மாதம், அன்னையர் தினத்தன்று, துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு வாஷிங்டனில் தாய்மார்கள் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். அன்று மாலை டிவி செய்தியில் புடவை கட்டிய ஒரு பெண்ணைச் சில விநாடிகள் காட்டினார்கள். ஒரு ஆணின் புகைப்படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். ஜீவரத்தினம் அதைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமைக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

"அந்த ஊர்வலத்துக்கு நம்ம ஊர் அம்மா ஒருத்தங்களும் போயிருந்தாங்க, டிவியில பாத்தீங்களா?" என்று மைக்கில் ஆரம்பித்தார். "புடவை கட்டிக்கிட்டு, கையில போட்டோ. கேமரா எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து அழறாங்க. நம்ம ஊர்ல கூலிக்கு மாரடிக்கிறவங்க இருந்தாங்களே, அவங்களுக்கும் இப்ப விசா குடுத்துட்டாங்க போல!"

எதிரே உட்கார்ந்திருந்த சேனாபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதலில் இரண்டு பேர் போன் செய்து பாராட்டினார்கள். அடுத்து வந்தது ஒரு பெண்ணின் குரல். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"வணக்கங்க. எம் பேரு மரகதம். டிவியில பாத்ததாச் சொன்னீங்களே, அது நான்தானுங்க."

ஜீவரத்தினம் மைக்கிலிருந்து சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

"போட்டோவுல இருக்கறது எங்க வீட்டுக்காரருங்க. மாரிசாமின்னு பேரு. பெட்ரோல் போடற கேஸ் ஸ்டேஷன்ல வேலை பாத்துட்டு இருந்தப்ப சுட்டுப் போட்டாங்க. நான் கேமராவப் பாக்கலீங்க. அந்தக் கேமராக்காரருக்குப் பின்னால..."

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு தவறான தகவலைத் திருத்துவது போலத்தான் பேசினாள். கத்தியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பார். இன்னும் ஒரு வாக்கியம் பேசவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை வீடுகளிலும் தான் சின்ன மனிதனாகிவிடுவோம் என்று மட்டும் தோன்றியது. அவருடைய விரல் பொத்தானை அழுத்தியது.

"அடடா, லைன் கட் ஆயிடுச்சு," என்றார் மைக்கில். "பாவம், அந்தம்மாவுக்கு நம்ம அனுதாபங்கள். சேனாபதி, ஒரு பாட்டு போடுங்க."

பாட்டு ஓடும்போது சேனாபதி அவர் தோளைத் தட்டினார். "நல்லவேளை சார், டக்குனு கட் பண்ணீங்க. ப்ரோக்ராமே அழுகாச்சி ஆயிருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஜெயலீலா மருத்துவமனையில் நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை. அவர் பேசும் நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாமல் கேட்பவள். அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் சாதத்தை வைத்தாள், குழம்பை ஊற்றினாள்.

மகள் ஜெபினாதான் கேட்டாள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அன்று வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் முயன்றாள்.

"அப்பா, கூலிக்கு... மாரடிக்கிறது. அதுக்கு என்ன மீனிங்?"

"அது சும்மா ஒரு பேச்சு."

"நோ, டெல் மீ."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் காலத்துல சாவு வீட்டுல அழறதுக்கு ஆள் வெப்பாங்க. பணம் குடுத்து."

ஜெபினா சற்று யோசித்தாள். "ஸோ, ஷி வாஸ் பெய்ட் டு க்ரை? அப்படியா சொன்னீங்க? அவங்க ஹஸ்பண்டுக்கு அழறதுக்கு?"

"எனக்கு அவங்க யாருன்னு தெரியாதும்மா."

"பட் அவங்க சொன்னாங்க. தென் யூ ஹங் அப். அப்புறம் லைன் கட்டுன்னு சொன்னீங்க."

ஜெயலீலா அவள் தோளைத் தொட்டு, "சாப்பிடு," என்றாள். அவருக்காகப் பரிந்து அல்ல. அந்தப் பேச்சு அதற்கு மேல் போனால் தாங்காது என்பதற்காக.

மறுநாள் சர்ச்சில், ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கிட்டத்தட்ட அவர் வயதுள்ள ஒருவர் வந்து கையைக் குலுக்கினார். "பிரமாதம் அங்கிள். விசா ஜோக்க நெனச்சு நெனச்சு சிரிச்சோம்." ஜீவரத்தினம் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்தது என்பதை நினைத்து அன்று முழுவதும் கூசினார். அன்று மாலையே சேனாபதிக்குப் போன் செய்து, நிலையத்தின் அழைப்புப் பட்டியலிலிருந்து மரகதத்தின் நம்பரைக் கேட்டார். சேனாபதி முனகிக்கொண்டே கொடுத்தார்.

மரகதம் ஈஸ்ட் வின்ட்சரில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தாள். வரலாமா என்று கேட்டதற்கு, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் ஜெயலீலாவும் கூட வந்தாள். ஆனால் கார் நின்றதும், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்," என்று சீட் பெல்ட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டாள்.

மரகதத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். ஒன்பது வயதுப் பெண் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"எம் பொண்ணு, தென்றல். அவதானுங்க கேமராக்காரருக்குப் பின்னால நின்னுட்டு இருந்தா. அப்பா போட்டோவப் பிடிச்சுட்டு டிவியில நிக்க மாட்டேன்னுட்டா. அத்தன கூட்டத்துல கையை விட்டுட்டுப் போய் நின்னுக்கிட்டா. தொலைஞ்சிருவாளோன்னு அவளையேதான் பாத்துட்டு இருந்தேன்."

ஜீவரத்தினம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். காரில் வரும்போது வாக்கியங்களைக்கூட அடுக்கிவைத்திருந்தார். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"தப்புதாம்மா. ஆனா பாருங்க, நான் உங்களைப் பர்சனலா சொல்லல. துப்பாக்கிச் சட்டத்தப் பத்தி என்னோட கருத்து என்னன்னா..."

தன் குரல் ரேடியோக் குரலாக மாறியிருந்தது அவருக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

"கருத்தெல்லாம் நீங்க சொல்லிக்கோங்க," என்றாள் மரகதம். "எந்தச் சட்டம் சரின்னு எனக்குத் தெரியாதுங்க. பக்கத்துல இருக்கற சர்ச்சுல இருந்து வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க வந்து கூப்பிட்டாங்க. வீட்டுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சுருமாட்ட இருந்துச்சு, போனேன். எங்க வீட்டுக்காரரே, கல்லாவுக்குக் கீழ ஒரு துப்பாக்கி வெச்சுக்கறேன்னு ஓனர்கிட்டக் கேட்டவருதானுங்க. ஓனர் வேண்டாம்னுட்டாரு."

அதைக் கேட்டதும் ஜீவரத்தினத்துக்குள் ஏதோ துள்ளியது. ஒரு கணம்தான். 'இதோ, இந்தம்மாவின் வீட்டுக்காரரே நம் பக்கம். கையில் துப்பாக்கி இருந்திருந்தால்!' அடுத்த சனிக்கிழமை இதை எப்படி ஆரம்பிக்கலாம் என்று முதல் வாக்கியம்கூட மனதில் வந்துவிட்டது. எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. படத்தில் இருந்தவன் காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

தனக்குள் வந்த அந்தத் துள்ளலை அவரே கவனித்துவிட்டார். மைக்கில் பேசியதையும் பொத்தானை அழுத்தியதையும் அவசரத்தில் நடந்தவை என்று ஒருவேளை சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. செத்தவனின் பேச்சை அவன் மனைவி வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்த மனிதன் தான்தான் என்று தெரிந்தது. தண்ணீர் டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா," என்றார். இந்த முறை அதோடு நிறுத்தினார்.

மரகதம் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நான் இந்தியன் குரோசரிக் கடையில கவுண்ட்டர்ல நிக்கறேனுங்க," என்றாள். "நேத்து ஒருத்தர் சாமான் வாங்கிட்டு, 'ஊர்வலத்துக்குப் போனா எவ்வளவு தருவாங்க?'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாரு. அவருகிட்ட என்னத்தச் சொல்றது? நான் சொல்ல வந்தத நீங்க சொல்ல விடல. லைன் கட் ஆயிடுச்சுன்னு வேற சொன்னீங்க. அது கட் ஆகலைன்னு ரேடியோவுல சொல்லிருங்க. அது போதும்."

காருக்குத் திரும்பியதும் ஜெயலீலா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனதில் துள்ளியதை மட்டும் சொல்லவில்லை. ஹைட்ஸ்டவுன் தாண்டும்போது அதையும் சொன்னார். அவள் சாலையைப் பார்த்தபடி வந்தாள். பிறகு, "அத எங்கிட்ட சொன்னது போதும். அவங்ககிட்ட சொல்லிராதீங்க," என்றாள்.

சனிக்கிழமை, ஸ்டூடியோவில் சேனாபதி ஒத்துக்கொள்ளவில்லை. "சார், கட் பண்ணோம்னு நாமளே சொன்னா நாளைக்கு எவன் கால் பண்ணுவான்? ஸாரின்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லுங்க, மேட்டர் ஓவர்."

ஜீவரத்தினம் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"போன வாரம் மரகதம்னு ஒரு அம்மா கால் பண்ணாங்க. லைன் கட் ஆயிடுச்சுன்னு சொன்னேன். அது பொய். லைன் கட் ஆகல, நான்தான் கட் பண்ணேன். அவங்க கேமராவப் பாத்து அழல. கூட்டத்துல நின்னுட்டிருந்த தன் பொண்ணத்தான் பாத்துட்டிருந்தாங்க. யாரும் அவங்களுக்குப் பணம் குடுக்கல. நான் சொன்னது அசிங்கமான பேச்சு."

மாரிசாமி துப்பாக்கி கேட்டதை அவர் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, பின்னாலும் எங்கேயும் சொல்லவில்லை.

அன்று வந்த முதல் அழைப்பில் ஒருவர், "என்ன அங்கிள், நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டீங்களா?" என்றார். "இல்ல, என் கருத்து மாறல," என்றார் ஜீவரத்தினம். "அப்ப எதுக்கு ஸாரி?" என்றார் அவர். அதற்கு ஜீவரத்தினம் ஏதோ தடுமாறிச் சொன்னார்.

அதன்பிறகும் சில மாதங்கள் பேசினார். ஆனால் கேலி வரும் இடம் நெருங்கும்போதெல்லாம் தயங்கி நின்றுவிடுவார். கேட்பவர்களுக்குச் சலித்துப்போயிற்று. தேர்தல் வருவதற்குள் சேனாபதி அந்த நேரத்தைப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடல்களுக்குக் கொடுத்துவிட்டார். ஜெபினா மட்டும் ஒருநாள், "டூ யூ மிஸ் இட், அப்பா?" என்று கேட்டாள். "ஆமா," என்றார். அது உண்மை.

டிசம்பரில் ஒருநாள் ஜெயலீலா சொன்ன சாமான்களை வாங்க அந்த இந்தியக் கடைக்குப் போனார். மரகதம் கவுண்ட்டரில் நின்றிருந்தாள். பக்கத்துக் கவுண்ட்டரில் ஆளே இல்லை. அங்கே போய்விட அவருடைய கால்கள் திரும்பின. பிறகு அவள் வரிசையிலேயே, நான்கு பேருக்குப் பின்னால், போய் நின்றுகொண்டார்.

அவருடைய முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணில் தெரிந்தது. பருப்பு, புளி, அப்பளக் கட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து விலை போட்டாள்.

"பை வேணுங்களா?" என்றாள், எல்லோரிடமும் கேட்பது போல.

"குடுங்கம்மா."

மீதிச் சில்லறையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவரின் சாமான்களைத் தன் பக்கம் இழுத்தாள்.