ஐந்தாவது கட்டி

கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஸ்பீக்கர்’ என்றால்தான் தெரியும். அவள் ரகசியம் பேசினாலே வராந்தா வரை கேட்கும்.

அன்று மார்பகப் புற்றுநோய் பற்றிச் சொல்லித்தர அவர்கள் ஆய்வகத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். பையிலிருந்து ரப்பரில் செய்த மார்பக மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. நர்ஸும் கூடவே சிரித்தார்.

“சிரிச்சு முடிச்சாச்சா? இதுக்குள்ள அஞ்சு கட்டி ஒளிஞ்சிருக்கு. மூணு நிமிஷத்துல யாரு அஞ்சையும் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாக்கலாம்.”

போட்டி என்றதும் வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. நுனிவிரலால் குத்திப் பார்த்தவர்களுக்கு இரண்டுதான் அகப்பட்டன.

“குத்தாதீங்க. நடு மூணு விரலையும் தட்டையா வெச்சு, சின்னச் சின்ன வட்டமா. முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி.”

ஸ்பீக்கர் கண்ணை மூடிக்கொண்டாள். மளமளவென்று நான்கு கிடைத்தன. ஐந்தாவது மட்டும் போக்குக் காட்டியது. பத்து விநாடிதான் பாக்கி. விரல்கள் அக்குள் பக்கம் நகர்ந்தன. பட்டாணி அளவில் என்னவோ நெருடியது. “மிஸ், இங்க இருக்கு” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்துவிட்டார்.

“கட்டின்னாலே புற்றுநோய்னு பயந்துடாதீங்க, பெரும்பாலும் அது வேற ஏதாவதாத்தான் இருக்கும்” என்றார் நர்ஸ். “ஆனா அதை டாக்டர்தான் சொல்லணும், நாம இல்ல. வலி இல்லையேன்னு விட்டுடாதீங்க. தோல் குழிஞ்சாலும், காம்புல நீர் கசிஞ்சாலும் போய்க் காட்டுங்க. நாப்பது வயசு தாண்டினவங்க, கையை மட்டும் நம்பாம, மார்பக எக்ஸ்ரே எப்ப எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேக்கணும்.”

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்பீக்கர் சித்தியிடம் ஓடினாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரியான சித்திதான் அவளை வளர்த்தவள், வயது நாற்பத்தாறு. வீட்டிலும் மிஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, வகுப்புலயே நான் ஒருத்திதான் அஞ்சையும் பிடிச்சேன். கடைசி ஒண்ணு எங்க இருந்துச்சு தெரியுமா? அக்குள்கிட்ட, பட்டாணி மாதிரி.”

சித்தியின் கால் மிதியில் அப்படியே நின்றது.

“எனக்கும் அங்க ஒண்ணு இருக்குடி. ரெண்டு மாசமா. வலிக்கல, அதான் கண்டுக்கல.”

ஸ்பீக்கர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள். “நாளைக்கு ஆஸ்பத்திரியில முதல் டோக்கன் நமக்குத்தான், சித்தி.”

எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனை. முடிவு வர ஆறு நாள். புற்றுநோய்தான். ஆனால் சின்னது, எங்கும் பரவவில்லை. “நல்ல நேரத்துல வந்துட்டீங்கம்மா, குணப்படுத்திடலாம்” என்று டாக்டர் சொன்னதும், “அப்ப நான் எப்ப மிஷின்ல உக்காரலாம்?” என்று சித்தி கேட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் சித்தியும் பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பயம் பாதி, சந்தோஷம் பாதி.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு, மாத்திரை. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பிய சித்தி, முதல் காரியமாகச் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

“சாப்பாட்டு இடைவேளையில அரை மணி நேரம் கூடுதலா வேணும். எங்க வீட்டுப் பொண்ணு பேசணும்.”

அவர் மென்று விழுங்கினார். “பொம்பளைங்க விஷயம், நான் வெளியில இருக்கேன்.”

“நீங்களும் உக்காருங்க. அபூர்வமா ஆம்பளைங்களுக்கும் வருமாம்.”

மறுநாள் இடைவேளையில் அவரும் வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கர் நர்ஸைக் கூட்டிக்கொண்டு, ரப்பர் மாதிரியோடு வந்திருந்தாள். துணி வெட்டும் மேசையைச் சுற்றி நாற்பது பெண்கள். மைக் கொடுக்க வந்தவரை எல்லாரும் தடுத்துவிட்டார்கள். துணியில் நூல் பிசிறைத் தடவியே பிடிக்கும் கைகள் அந்தப் பெண்களுக்கு. முதலில் வந்த பட்டன் தைப்பவள் ஒன்றரை நிமிஷத்தில் ஐந்தையும் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரின் சாதனை தவிடுபொடி. அவளுக்குத்தான் அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. யாரும் நகரவில்லை. “எங்க அக்காவுக்கு இருந்தா எனக்கும் வருமா?”, “பரிசோதனை வலிக்குமா?” என்று கேள்விமேல் கேள்வி. சூப்பர்வைசர் எழுந்துபோய் மணியை நிறுத்திவிட்டு வந்து, தன் மனைவியையும் அழைத்துவரலாமா என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு பெண்கள் ஒரே வேனில் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். ஜன்னலோர இருக்கைக்கு நடந்த சண்டையில் புறப்படவே கால் மணி தாமதமாகிவிட்டது.