சொல்லாத பாங்கு

வாப்பா வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனதற்கு என் வாய்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் புருஷனைக் குறை சொல்லிக்கொண்டு வரவேண்டாம்.

எண்பத்திரண்டாம் வருஷத்து நோன்பு. ஐந்தரை மணியிருக்கும். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்ய வாப்பாவைக் கிணற்றடியில் விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் முனவ்வறா கூப்பிட்டாள். அவளுடைய மருமகனைப் பற்றி ஒரு புதினம். நோன்பு வாயோடு புறம் பேசக்கூடாது என்று தெரியும், ஆனாலும் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வாளி இருக்கிறது, வாப்பா இல்லை.

"ரப்பே! வாப்பாவக் காணல்ல புள்ள! எண்ட மனிசனுக்கு ஆள் அனுப்பு!"

என் வாப்பா முகைதீன்பாவா மோதினாரை மருதமுனையில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தொரு வருஷம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர். அப்போது அவருக்கு மூன்று வருஷமாக மறதி. முதலில் செருப்பை மறந்தார், பிறகு தெருவை, பிறகு உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போனதை. என்னைச் சில நாள் மகள் என்பார், சில நாள் "யாருட புள்ள நீ?" என்று கேட்பார். ஆனால் நோன்பு மட்டும் மறக்கவில்லை. பகலில் சோற்றைக் கொண்டுபோனால் கோப்பையைத் தட்டிவிடுவார். மறந்தது எதையும் மறந்ததாக ஒத்துக்கொள்ளவும் மாட்டார். நாங்கள்தான் பொய்யர்கள்.

அந்த நோன்புக்கு முந்தின மாதம் காலை பத்து மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்து பாங்கு சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது. பள்ளியை நடத்துகிற மரைக்கார்மார் சிரிக்கவில்லை. என் புருஷன் பதியுதீனைக் கூப்பிட்டு, "நோன்பில இப்பிடி நேரத்துக்கு முந்திச் சொன்னா ஊருட நோன்பே முறிஞ்சிரும். ஆரு பொறுப்பு?" என்று கேட்டார்கள். கல்முனைப் பஸாரில் கைத்தறிச் சாரம் விற்கிற மனிசர், நாலு பேர் முன்னால் தலை குனிந்து நின்றார். இன்னொரு தரம் நடந்தால் வாப்பாவைக் கொழும்புப் பக்கம் பெரிய பைத்திய ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். டாக்குத்தரிடம் கடிதமும் எடுத்தாயிற்று. தண்ணீர் என்று தமிழில் கேட்டால் விளங்குகிற ஆள் அந்தச் சிங்கள இடத்தில் இருப்பானா?

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். மேற்கே மழை இருட்டுக் கட்டி, விளக்கேற்றும் நேரம் போலக் கிடந்தது. அந்த இருட்டுத்தான் வாப்பாவை ஏமாற்றியிருக்கிறது. ஊரையும் ஏமாற்றும். வீட்டுக்கு வீடு பாயில் பீங்கான் வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாங்குச் சத்தம் போதும், ஊரே நோன்பைத் திறந்துவிடும்.

ஆண்களெல்லாம் பள்ளிக்குப் பின்னால், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரத்தடியில் நின்றார்கள். உள்ளே வாப்பாவைத் தவிர ஒருவரும் இல்லை. நான் பிறந்த நாளிலிருந்து அந்த வாசற்படியை மிதித்ததில்லை. எந்தப் பெண்ணும் மிதித்ததில்லை. கால் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஏறிப் போனேன்.

வாப்பா மைக்குக்கு முன்னால் நின்றார். ஒலிபெருக்கிப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பாங்கு சொல்லக் காதில் விரல் வைத்துவிட்டார். நான் பாய்ந்து பெட்டியின் சுவிட்சை அமர்த்தினேன்.

"பொம்புள பள்ளிக்குள்ளயா? வெளிய போ புள்ள! நேரம் பெய்த்து!"

"இன்னும் நேரமாகல்ல வாப்பா!"

"எனக்கு நேரம் சொல்லித் தாறியா?"

பிடித்துத் தள்ளினார். எலும்பும் தோலுமான உடம்பில் அவ்வளவு பெலன் எங்கிருந்து வந்ததோ. மறுபடியும் சுவிட்சில் கை வைத்தார். அப்போதுதான் அந்தப் பொய் என் வாயில் வந்தது.

"வாப்பா, பாங்கு சொல்லியாச்சு. இப்பதானே நீங்க சொன்னீங்க."

கை நின்றுவிட்டது.

"நானா? சொல்லிட்டனா?"

"ஓம் வாப்பா."

"எனக்கு ஞாபகமில்லியே மகள்."

அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். மறதி வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரியவைத்த பாவி நான். ஏசுகிறவர்கள் ஏசுங்கள்.

அதோடு முடியவில்லை. பாயில் நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத் தட்டின் முன் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒன்றைத் தின்றார். புத்தி தடுமாறியவரின் நோன்பை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். ஆனால் இன்னொன்றை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தொற மகள்."

"ஊட்ட போய்த் தொறக்கன் வாப்பா."

"பாங்கு சொல்லியும் தொறக்காம இரிக்கியா?" கண்கள் சுருங்கின. "அப்ப நான் சொல்லல்ல. பொய் சொல்றா இவ." தரையில் கையூன்றி எழும்பப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். நாள் முழுக்கக் காய்ந்த நாக்கில் அந்தப் பழம் அப்படி இனித்தது. அந்த இனிப்புக்காகவே என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்!"

வாசலில் பெரிய மரைக்கார். பக்கத்தில் என் புருஷன், ஓடிவந்த மூச்சு இரைக்க. சுவர் மணிக்கூட்டில் நோன்பு திறக்க இன்னும் இருபத்தெட்டு நிமிஷம். பள்ளிக்குள் ஒரு பெண், வாயில் பழம். விழுங்கவும் முடியவில்லை, கதைக்கவும் முடியவில்லை. வாப்பாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது பழத்தை எடுத்தார்.

"வாங்க மருமகன், நோன்பத் தொறங்க. பாங்கு சொல்லிட்டனாம்."

மரைக்கார் வாயெடுத்தார். என் புருஷன் கையை நீட்டி அவரைத் தடுத்தார். என்னைப் பார்த்தார். அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மெதுவாக வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொறந்திட்டன் மாமா. உங்கட பாங்கக் கேட்டுத்தான் தொறந்த."

"சத்தம் நல்லாக் கேட்டிச்சா?"

"தெருவெல்லாம் கேட்டிச்சி மாமா."

வாப்பாவின் முகம் தெளிந்தது. மரைக்காருக்குப் பொறுக்கவில்லை.

"பதியுதீன், நீ தந்த வாக்கு என்னாச்சு?"

"ஊருட நோன்பு முறியல்ல மரைக்கார். எண்ட பொஞ்சாதிட நோன்புதான் முறிஞ்சிரிக்கி. பெருநாள் முடிய அதுக்குப் பதிலா அவ ஒரு நாள் புடிச்சிக் குடுப்பா." வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா எங்கயும் போகமாட்டாரு."

பள்ளி என்றும் பார்க்காமல் நான் சத்தம்போட்டு அழுதேன்.